வெளியே தொங்கிய பூட்டு

போன வாரம் ஷுவாயை நாம் விட்ட இடம் நினைவிருக்கிறதா? நெமாவுங்கா கிராமத்தில் ஆள் இருக்கும் எட்டு வீட்டுக்கும் நடந்து போய், ஒவ்வொரு முற்றத்திலும் மண்டியிட்டு, இரண்டு கையையும் குவித்துத் தட்டி, "சனிக்கிழமை எங்க வயல்ல நிம்பே. வந்து கை கொடுக்கணும்" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். எட்டு வீட்டிலும் சிரித்த முகமாகத்தான் "வர்றோம், மாய் ரூவா" என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் பெயர் ரூவா. அதனால் ஊருக்கு இவள் மாய் ரூவா, ரூவாவின் அம்மா.

அவள் நிலைமையும் உங்களுக்குத் தெரியும். ஹராரேயில் பதினேழு வருடம் வாழ்ந்த குடும்பம். கணவன் ஓபர்ட் வேலை பார்த்த ஆலை மூடிப்போனதும் போன ஆகஸ்டில் அவன் பிறந்த ஊருக்கே வந்துவிட்டார்கள். ரூவா விடுதியில் தங்கிப் படிக்கிறாள். புத்தாண்டுக்கு மறுநாள் மாட்டு வண்டி சாய்ந்து ஓபர்ட்டின் வலது கால் முறிந்தது. மூன்று ஏக்கர் மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. களை அதற்கும் மேலே நிற்கிறது. இந்த ஒரு வாரத்துக்குள் களை எடுக்காவிட்டால் அடுத்த வருடம் முழுக்க அந்த வீட்டில் பானை ஏறாது.

அதனால்தான் நிம்பே. அதில் கூலிப் பேச்சே கிடையாது. இன்றைக்கு என் வயலில் நீ, நாளைக்கு உன் வயலில் நான். வயல்காரி ஆடு அடித்துச் சமைக்க வேண்டும், கேழ்வரகை முளைகட்டி ஏழு நாள் பீர் காய்ச்ச வேண்டும். எட்டாம் நாள் அது புளித்துக் கெட்டுப்போகும்.

இன்று ஏழாம் நாள். சனிக்கிழமை.

விடிவதற்கு முன்பே ஷுவாய் எழுந்து முற்றத்தைக் கூட்டிவிட்டாள். முப்பது எனாமல் தட்டுகளைக் கழுவி, முசாசா மரத்தடியில் அடுக்கினாள். அடுக்கும்போது ஒரு தட்டு கையில் தட்டுப்பட்டது. ஓரத்தில் நீலப் பூ போட்ட தட்டு. அது அவளுடையது இல்லை. அதை ஒரு நொடி பார்த்தாள். பிறகு அடுக்கின் அடியில் செருகிவிட்டாள்.

ஓபர்ட்டின் அக்கா எஸ்னாத், விறகு பொறுக்கிவருகிறேன் என்று இருட்டோடு போனவள், சூரியன் எட்டிப்பார்க்கும்போது இரண்டே இரண்டு குச்சியோடு திரும்பினாள். பீர் காய்ச்சுவதற்கென்றே பத்து நாளைக்கு முன்பு வந்து தங்கியிருப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் தேதே, அதாவது அத்தை.

"இவ்வளவு நேரம் போய் இதுதானா தேதே?" என்றாள் ஷுவாய்.

"காடு இப்ப முன்ன மாதிரி இல்லடி." எஸ்னாத் குனிந்து பீர்ப் பானையைக் கிளறினாள். அவள் ஏப்ரன் பையில் ஏதோ கலகலத்தது. மூக்குப்பொடி டப்பாவாக இருக்கும் என்று ஷுவாய் நினைத்துக்கொண்டாள்.

ஓபர்ட்டை நாற்காலியோடு தூக்கி மர நிழலில் வைத்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு கவிழ்த்த வாளிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான்தான் இன்னிக்கு மேஸ்திரி" என்றான். "யார் வரிசை கோணலாப் போகுதுன்னு இங்கிருந்தே சத்தம் போடுவேன்."

"உங்க வண்டி கோணலாப் போனப்ப யாரு சத்தம் போட்டாங்க?" என்றாள் ஷுவாய்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் காலையில் அந்த முற்றத்தில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

ஐந்தரைக்கு வந்திருக்க வேண்டும். நிம்பேக்கு வருகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் வந்துவிடுவார்கள். ஆறு மணி ஆயிற்று. பாதையில் ஒரு கோழி மட்டும் குறுக்கே போனது.

"பனி ஜாஸ்தி இன்னிக்கு" என்றாள் ஷுவாய். "ஈரத்துல களை எடுத்தா மண் ஒட்டும். காயட்டும்னு இருப்பாங்க."

எஸ்னாத் ஒரு குச்சியை அடுப்புக்குள் தள்ளினாள்.

ஏழு மணி. "சனிக்கிழமை இல்லையா. ஆம்பளைங்க மாட்டை உண்ணி மருந்துத் தொட்டிக்கு ஓட்டிட்டுப் போயிருப்பாங்க. பொம்பளைங்க கன்னுக்குட்டியெல்லாம் கட்டிட்டு வரணும்."

எட்டு மணி. ஆட்டுக்கறி வெந்துவிட்டது. மக்காச்சோள மாவைப் போட்டுச் சட்ஸா கிளறுவதற்குத் தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பாதியாயிற்று. ஷுவாய் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"எல்லாரும் ஒண்ணா சேர்ந்து பாட்டுப் பாடிட்டே வருவாங்களா இருக்கும். அதான் ஒருத்தருக்கு ஒருத்தர் காத்திருக்காங்க. அது நல்லதுதானே? தனித்தனியா வந்தா களைகட்டாது."

"ஆமாம்" என்றான் ஓபர்ட். அவன் பாதையைப் பார்க்கவில்லை. தன் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதரைக்கு அவளுக்குச் சொல்லக் காரணம் தீர்ந்துபோனது. எதையாவது நல்லதாக எடுத்துச் சொல்லிப் பழகிய வாய் அது. ஆலை மூடிய அன்று, "நல்லதாப் போச்சு, இனி அலாரம் வேண்டாம்" என்றவள். கால் முறிந்த அன்று, "இடது கால் மிச்சம் இருக்கே" என்றவள். இன்று வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

பானையின் மேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள்.

"வேண்டாம்" என்று ஓபர்ட் சட்டென்று சொன்னான். பிறகு குரலைத் தணித்து, "வெயிலா இருக்கு. உட்காரு" என்றான்.

"போகட்டும் விடுடா தம்பி" என்றாள் எஸ்னாத். "நடந்தா கால் இளகும்."

முதல் வீடு மாய் எவிடென்ஸ் வீடு. சமையல் குடிசையின் கதவு சாத்தியிருந்தது. நாதாங்கியில் பூட்டுத் தொங்கியது.

ஷுவாய்க்கு உயிர் வந்தது. பார்த்தாயா, கிளம்பிவிட்டார்கள். ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போயிருப்பார்கள், நான் இந்தப் பக்கமாக வந்துவிட்டேன். திரும்பி ஓடலாமா என்று நினைத்தாள். எதற்கும் அடுத்த வீட்டையும் பார்த்துவிடலாம் என்று நடந்தாள்.

அடுத்தது மாய் பிலேமோன் வீடு. அங்கேயும் பூட்டு. ஆனால் கூரைப் புல்லின் இடுக்கு வழியாக மெல்லிய புகை கசிந்துகொண்டிருந்தது. பூசணி இலையை நிலக்கடலை மாவோடு வேகவைக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைக்காமலா பூட்டிக்கொண்டு போவார்கள்? தீப்பிடித்துக்கொண்டால்?

அவள் கதவருகே போய் நின்றாள். உள்ளே ஒரு கரண்டி பானை விளிம்பில் தட்டும் சத்தம். உடனே நின்றுபோயிற்று.

"மாய் பிலேமோன்?"

கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

மூன்றாவது வீட்டில் பூட்டுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தது. அந்த வாயை யாரோ பொத்தினார்கள். பொத்திய கையையும் மீறி இன்னொரு தடவை சிரிப்பு வந்தது. "சூ" என்று ஒரு பெரிய மனுஷியின் குரல்.

அங்கேதான் ஷுவாய்க்குப் புரிந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தவளுக்கு கழுத்திலிருந்து உச்சந்தலைவரை சூடு ஏறியது. அது வெயிலின் சூடு இல்லை.

நவம்பரில் ஒரு நாள். இரண்டு மாதம் முன்பு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அவளே யாருக்கும் சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

மாய் டிரைமோர் ஒரு விதவை. ஷுவாய் வயதுதான் இருக்கும். விதைப்புக்குக் குழி வெட்ட அவள் நிம்பே வைத்தாள். இதேபோல முற்றத்தில் வந்து மண்டியிட்டுக் கேட்டாள். ஷுவாயும் சிரித்த முகமாக "வர்றேன்" என்றாள்.

ஆனால் அந்த வாரம்தான் தன் வயலில் முதல்முறையாக மண்வெட்டி பிடித்து உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மற்ற பெண்கள் ஒரு வரிசை முடிக்கும்போது இவள் கால் வரிசை முடிப்பாள். முப்பது பேர் முன்னால் கடைசியாக நின்று, பட்டணத்துக்காரி என்று பெயர் வாங்க வேண்டுமா? உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வந்துவிடுவார்கள். ஊரில் இல்லை என்றால்?

"என்னைச் சமையல் குடிசையில வெச்சு வெளியே பூட்டிட்டுப் போயிடுங்க" என்று ஓபர்ட்டிடம் சொன்னவள் இவள்தான். அவன் சிரித்துக்கொண்டே பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக் கடைப் பக்கம் போய்விட்டான்.

பகல் முழுக்க அடுப்பு மூட்டாத குடிசையில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. மூன்று மணி இருக்கும், முற்றத்தில் காலடி. "வந்திருக்கேன், வீட்டுக்காரங்களே" என்ற குரல். மாய் டிரைமோரேதான். அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் ஒரு கரகரப்பு. இடுப்பில் சுற்றிய துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு இருமல் தப்பித்தது.

வெளியே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஏதோ வாசலில் வைக்கும் ஒலி. காலடி திரும்பிப் போனது.

ஓபர்ட் வந்து திறந்தபோது வாசற்படியில் நீலப் பூத் தட்டு இருந்தது. மேலே இன்னொரு தட்டால் மூடி, துணியில் கட்டி, ஆட்டுக்கறியும் சட்ஸாவும். வர முடியாமல் போனவர்களுக்கு அனுப்பும் பங்கு. "பாவம், நாம ஊர்ல இல்லைன்னே நம்பிட்டா" என்று சொல்லிக்கொண்டு இருவரும் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள். எலும்பைக்கூட விடவில்லை.

இருமலை அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று ஷுவாய் இரண்டு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வெறும் தட்டைக் கொடுக்கக் கூடாது, ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். என்னத்தை வைத்து, எந்த முகத்தோடு?

இனி ஒவ்வொரு வாசலாக நின்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கால்கள் நடந்தன. எல்லா வீட்டிலும் பூட்டு. ஓபர்ட்டின் தம்பி ஜெஃபாஸின் வீட்டைத் தாண்டும்போது, அங்கேயும் பூட்டுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. ஆண் குரல். வறண்ட இருமல், ஒரே ஒரு தடவை. என் இருமலைச் செய்து காட்டுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். தலைத் துணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மாய் டிரைமோர் வீடுதான் கடைசி.

வீட்டை ஒட்டியே அவள் வயல். பச்சைப் பசேலென்று மக்காச்சோளம். நட்டநடுவில், தலையில் எடுத்த வகிடு மாதிரி, விதைக்காத இரண்டு வரிசை நெடுக வெறுமையாகக் கிடந்தது. எத்தனையோ தடவை இந்த வழியாகப் போனவள்தான். நடைபாதை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

பூட்டுத் தொங்கிய கதவின் முன்னால் ஷுவாய் மண்டியிட்டாள். கைகளைக் குவித்துத் தட்டினாள். உள்ளே நிலக்கடலை உரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"மாய் டிரைமோர். உள்ளேதான் இருக்கீங்கன்னு தெரியும். பதில் சொல்லணும்னு இல்லை."

ஷுவாய் கதவைப் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்கு நான் உள்ளேதான் இருந்தேன்."

கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது. "தெரியும். இருமினீங்களே."

ஷுவாய் தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்க யாரும் இல்லாத இடத்தில் எதற்குத் தலை குனிந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"தெரிஞ்சுமா தட்டை வெச்சுட்டுப் போனீங்க?"

"கையில இருந்ததே. திரும்ப எடுத்துட்டுப் போனா வழியில கேப்பாங்க, ஏன் கொண்டு வர்றேன்னு. நான் என்னன்னு சொல்றது? வெச்சுட்டு வந்துட்டேன்."

"நாங்க அதைச் சாப்பிட்டோம்."

"சாப்பிடத்தானே வெச்சேன்." அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "கறி வெந்திருந்துச்சா?"

"வெந்திருந்துச்சு."

"எனக்கு அன்னிக்கு அது ஒரு கவலை. அவசரத்துல இறக்கிட்டேனோன்னு."

வெயில் முதுகில் சுட்டது. ஷுவாய் வயலைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த ரெண்டு வரிசை..."

"உங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சு விட்டது. மத்தவங்க தங்களோடதை முடிக்கறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. மறுநாள் நானே வெட்டியிருக்கலாம். ஏனோ வெட்டலே. வெட்டணும்னு போவேன், அதுங்க முன்னால நின்னுட்டுத் திரும்பிடுவேன்." ஒரு கடலை உடைபடும் சத்தம் கேட்டது. "அப்படி விட்டதுக்கு எனக்கும் இப்ப வெக்கமாத்தான் இருக்கு."

"நீங்க ஊர்ல சொன்னது தப்பில்லை, மாய் டிரைமோர். சொல்ல வேண்டியதுதான்."

"நானா? நான் யார்கிட்டயும் சொல்லலே. கடையில சொன்னது உங்க வீட்டுக்காரர். ரெண்டு பாட்டில் உள்ளே போனதும், பெண்டாட்டியைக் கோழி மாதிரி கவுத்துட்டு வந்திருக்கேன்னு சிரிச்சிருக்கார். அதுக்கு அப்புறம் இந்த ஊர்ல தெரியாத ஆடு மாடு இல்லை."

ஷுவாய் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஓபர்ட் இன்று காலை பாதையைப் பார்க்காதது அவள் நினைவுக்கு வந்தது.

"நேத்திக்குப் பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசினாங்க" என்றது குரல். "வேண்டாம்னுதான் நான் சொன்னேன். சிரிப்பா இருக்கும்னாங்க. காலையில கொஞ்ச நேரம் சிரிப்பாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு மூட்டை கடலை உரிச்சாச்சு. சிரிப்பு எங்கே போச்சுன்னு தெரியலே."

"வெளியே வர்றீங்களா? என் வயலுக்குன்னு கூப்பிடலே. சும்மா, முகத்தைப் பார்க்கணும்."

"வரலாம். சாவி என்கிட்ட இல்லையே."

"யார்கிட்ட இருக்கு?"

"நான் தனியா இருக்கறவ. உள்ளே உட்கார்ந்துகிட்டு வெளியே எப்படிப் பூட்டுவேன்? யோசிச்சுப் பாருங்க, மாய் ரூவா. இன்னிக்கு இருட்டோட விறகுக்குன்னு போனது யாரு?"

ஷுவாய் திரும்பி வந்தபோது எஸ்னாத் பீர்ப் பானை அருகே கால் நீட்டி உட்கார்ந்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஷுவாய் அவள் முன்னால் வந்து நின்றாள். கையை மட்டும் நீட்டினாள்.

எஸ்னாத் அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு கயிற்றில் கோத்த சாவிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

"என்மேல கோபமா?"

"எந்த வாயால கோபப்படுவேன் தேதே?"

"நீ பூட்டறயா இல்லே வேற யாரையாவது பூட்டச் சொல்லவான்னு கேட்டாங்க. வேற எவளாவது வந்து என் தம்பி வீட்டு மானத்தைப் பூட்டறதுக்கு, நானே பூட்டறேன்னு வாங்கிட்டு வந்தேன்." எஸ்னாத் பானைமேல் மொய்த்த ஈயை விரட்டினாள். "ஏழு நாள் கிளறின பீர்டி அது. என் கை ரெண்டும் வீங்கிப்போச்சு. நான் அதைக் குடிக்க ஆளில்லாம பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?"

"அக்கா" என்றான் ஓபர்ட்.

"நீ பேசாதே. கடையில நல்லாப் பேசினே."

ஓபர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு கேலி சேர்க்கிறவன். இப்போது கேலி வரவில்லை.

"அவ கேட்டாள்னு பூட்டினேன்" என்றான் கடைசியில். "ஆனா கடையில சொல்லச் சொல்லி அவ கேக்கலே. எல்லாரும் சிரிச்சாங்க. வேலை போனதுக்கு அப்புறம் என் பேச்சைக் கேட்டு யாரும் சிரிச்சதில்லை. இன்னொரு தடவை சொன்னேன்."

ஷுவாய் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்று அழுகை வரும், இல்லை மன்னித்துவிடுவாள். இரண்டுக்கும் இப்போது நேரம் இல்லை.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"பன்னெண்டரை."

அவள் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே மேகம் இருந்தது, ஆனால் தூரத்தில். தன் மூன்று ஏக்கரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் தன்னை ஏமாற்றிக்கொள்ளச் சொன்னது. இப்போது ஒன்று சொன்னாள். அது மட்டும் உண்மையாக இருந்தது.

"இருட்ட ஆறு மணி நேரம் இருக்கு. பீரும் இன்னிக்கு ராத்திரி வரைக்கும் பீர்தான்."

எஸ்னாத் சாவிக் கயிற்றை நீட்டினாள். "பூட்டினது நான். திறக்கறது நான் இல்லை."

"தெரியும்."

"திறந்தா வருவாங்கன்னு நினைக்காதே. திறந்துவிட்ட கோழி எல்லாம் திரும்பி வர்றதில்லை."

"வரலேன்னாலும் பாவம், அவங்க எவ்வளவு நேரம்தான் உள்ளே உட்கார்ந்திருப்பாங்க?"

"என்னைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளுங்க" என்றான் ஓபர்ட் திடீரென்று. "ஒவ்வொரு வாசல்லயும் நானும் சொல்றேன்."

"ஆட்டைக்கூட நான் அப்படித் தள்ளமாட்டேன்" என்றாள் எஸ்னாத். ஆனால் எழுந்து, தள்ளுவண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனாள்.

ஷுவாய் மரத்தடிக்குப் போனாள். தட்டு அடுக்கின் அடியிலிருந்து நீலப் பூத் தட்டை உருவினாள். கழுவிய தட்டைத் திரும்பக் கழுவினாள். ஆட்டுக்கறியில் தொடைப் பக்கமாகப் பார்த்து எடுத்து வைத்தாள். சூடான சட்ஸா வைத்தாள். இன்னொரு தட்டால் மூடித் துணியில் கட்டினாள். அன்று வந்தது போலவே.

மாய் டிரைமோரின் வாசலில் இரண்டாம் தடவை மண்டியிட்டாள். தட்டைப் படியில் வைத்தாள். எந்தச் சாவி என்று தெரியாமல் மூன்று சாவி போட்டுப் பார்த்தாள். நான்காவது சாவிக்குப் பூட்டு வாய் திறந்தது.

அவள் கதவைத் தள்ளவில்லை. பூட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் குவித்துத் தட்டிக்கொண்டே காத்திருந்தாள். தட்டும் சத்தம் நின்றால் கதவு திறக்காதோ என்ற பயத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கதவு உள்ளிருந்து இழுபட்டது.

மாய் டிரைமோர் நின்றாள். மடியெல்லாம் கடலைத் தோல். இடது கையில் மண்வெட்டி.

"விடிஞ்சதிலேர்ந்து இதை மடியிலதான் வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாள். "என்ன செய்யறதுன்னே தெரியலே. கிளம்பவும் முடியலே, சும்மா சாய்ச்சு வைக்கவும் மனசு வரலே."

பிறகு தட்டைப் பார்த்தாள். குனிந்து துணியை அவிழ்த்து, மூடியை எடுத்தாள். நீலப் பூவை விரலால் ஒரு தடவை தடவினாள். ஒரு துண்டு கறியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். ஷுவாய் மண்டியிட்டபடியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெந்திருக்கு" என்றாள் மாய் டிரைமோர். "எழுந்திருங்க. எத்தனை சாவி இருக்கு இன்னும்?"

ஷுவாய் எழுந்து கயிற்றை விரித்து எண்ணினாள். "ஏழு."

"ஏழு வீடு. ஒவ்வொரு வீட்டுலயும் நீங்க மண்டி போடுங்க, நான் பக்கத்துல நிக்கறேன். நான் வெளியே வந்துட்டேன்னு பார்த்தா அவளுங்களால உள்ளே உட்கார முடியாது. மூணு மணிக்குள்ள பாதி வயலாவது தொட்டுடலாம்."

ஷுவாய் தலையாட்டினாள். இரண்டு அடி வைத்தவள் நின்றாள்.

"ஏழு வீடு இல்லை. எட்டு. ஜெஃபாஸ் வீட்டையும் சேர்த்து எட்டு. அங்கேயும் பூட்டியிருந்துச்சு. சாவி ஒண்ணு குறையுது."

"ஜெஃபாஸ் வீட்டை உங்க நாத்தனார் எதுக்குப் பூட்டணும்?" என்றாள் மாய் டிரைமோர். "அவர் ஜொஹானஸ்பர்க்ல. அவர் பெண்டாட்டி கிறிஸ்துமஸுக்கே க்வேருவுக்குப் போயாச்சு. அது அப்பலேர்ந்து பூட்டித்தானே கிடக்கு."

உண்மைதான். வெட்கத்தில் ஓடிவந்தபோது ஷுவாய்க்கு அது தோன்றவே இல்லை. ஜெஃபாஸ் போன் பண்ணியே இரண்டு மாதம் ஆகிறது. அதற்காக ஓபர்ட் கவலைப்படுவதையும் போன வாரங்களில் நாம் பார்த்தோம்.

"உள்ளே யாரோ இருமினாங்க" என்றாள் ஷுவாய். "நானே கேட்டேன். ஆம்பளை இருமல்."

மாய் டிரைமோர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். இருவரும் பாதை வளைவில் தெரிந்த அந்தத் தகரக் கூரையைப் பார்த்தார்கள். வெட்கத்தில் ஒளிந்துகொள்கிறவர்களின் இருமல் எப்படி இருக்கும் என்று ஷுவாய்க்குத் தெரியும். தொண்டையை அடக்கி அடக்கி, கடைசியில் ஒன்று தப்பிக்கும். அவள் கேட்டது அதுதான். கேலி இல்லை.

அவளைப் பூட்டுவதற்கு அன்று ஓபர்ட் இருந்தான். இந்தப் பெண்களைப் பூட்டுவதற்கு இன்று எஸ்னாத் இருந்தாள்.

அந்த வீட்டுக்குள் ஒருவனை வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போனது யார்?

தூரத்தில், எஸ்னாத் தள்ளிவரும் தள்ளுவண்டியின் ஒற்றைச் சக்கரம் கிறீச்சிட்டது. ஷுவாய் சாவிக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, முதலில் எந்த வாசலில் மண்டியிடுவது என்று தெரியாமல் நின்றாள்.